இறுதி ஊர்வலத்தில் ஒரு கொடிச் சுவர்

போரில் உயிரிழந்த அமெரிக்க ராணுவ வீரரின் உடல் சொந்த ஊர் வந்து சேரும் நாளில், தேவாலய வாசலில் சில நேரங்களில் ஒரு காட்சியைக் காணலாம். தோல் மேலாடை அணிந்தவர்கள், பெரும்பாலும் நரைத்த தாடிக்காரர்கள், தங்கள் மோட்டார் சைக்கிள்களை ஓரமாக நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு தேசியக் கொடியை ஏந்திப் பாதையின் இருபுறமும் வரிசையாக நிற்பார்கள். ஒருவரும் பேசுவதில்லை. இறந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது. சடங்கு முடிந்ததும் சவ ஊர்தியின் முன்னும் பின்னுமாகக் கல்லறைத் தோட்டம்வரை சென்றுவிட்டுக் கலைந்து விடுவார்கள்.

'பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ்' என்ற இந்தத் தன்னார்வ அமைப்பு 2005-ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தில் உருவானது. மல்வேன் என்ற சிற்றூரைச் சேர்ந்த முன்னாள் ராணுவத்தினரின் மோட்டார் சைக்கிள் குழு ஒன்றுதான் அதன் தொடக்கம். தேசபக்தி மட்டுமே அதற்குக் காரணமல்ல. ஒரு தீய செயலுக்கு எப்படி எதிர்வினை ஆற்றுவது என்ற நடைமுறைச் சிக்கலே அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது.

அதே மாநிலத்தின் தலைநகரான டொபீகாவில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபை என்ற சிறிய சபை இயங்கி வருகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதை நிறுவிய போதகர் ஃபிரெட் ஃபெல்ப்ஸின் குடும்பத்தினர். தன்பாலின உறவாளர்களை அமெரிக்கா சகித்துக்கொள்வதால்தான் கடவுள் அந்த நாட்டைத் தண்டிக்கிறார், போரில் வீரர்கள் மடிவது அந்தத் தண்டனையின் ஒரு பகுதி என்பது அவர்களது பிரசாரம். 2005 முதல் ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்குகள் நடக்கும் இடங்களுக்குச் சென்று, அந்த மரணங்களுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் பதாகைகளை அவர்கள் தூக்கிப் பிடித்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாயின் கண்ணெதிரே இப்படியொரு பதாகை நின்றால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இந்த ஃபெல்ப்ஸ் ஒரு காலத்தில் கருப்பின மக்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடிய குடிமை உரிமை வழக்கறிஞர். 1979-இல் கான்சாஸில் வழக்கறிஞர் உரிமத்தை இழந்தார். அவருடைய பிள்ளைகளில் பலரும் சட்டம் படித்தவர்கள். எந்த இடத்தில், எவ்வளவு தொலைவில் நின்றால் சட்டம் தங்களைத் தொடாது என்பதை அந்தக் குடும்பம் நன்கு அறிந்திருந்தது. அவசரப்பட்டு அவர்களைத் தடுத்த உள்ளாட்சி அமைப்புகள் வழக்குகளைச் சந்திக்க நேர்ந்தது. குடிமை உரிமை வழக்கில் வென்றவருக்குத் தோற்ற அரசு அமைப்பு வழக்கறிஞர் கட்டணத்தையும் தர வேண்டிவரும் என்பதால், தடை விதிப்பதே அவர்களுக்கு வருவாயாக முடியும் விபரீதமும் இருந்தது.

இந்த விவகாரம் 'ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ்' என்ற வழக்காக அமெரிக்க உச்சநீதிமன்றத்தை எட்டியது. 2006-இல் இராக்கில் உயிரிழந்த இளம் மரைன் படை வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கு மேரிலாண்ட் மாநிலத்தில் நடந்தபோது, சபையினர் அங்கு வந்து நின்றனர். தேவாலயத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி தொலைவில், காவல் துறைக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, பொது இடத்தில் நின்றனர். பதாகைகளின் மேல்விளிம்பு மட்டுமே தந்தையின் கண்ணில் பட்டது. அவற்றில் எழுதியிருந்ததை அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் அவர் படித்தார். 2007-இல் நடுவர் குழு அவருக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. நீதிபதி அதை 50 லட்சம் டாலராகக் குறைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமோ தீர்ப்பையே ரத்து செய்ததுடன், சபையின் மேல்முறையீட்டுச் செலவான சுமார் 16,500 டாலரைத் தந்தையே தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2011 மார்ச் 2 அன்று உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 48 மாநிலங்கள் தந்தையின் பக்கம் நின்றும் பலனில்லை. பொது விவகாரம் குறித்து, பொது இடத்தில், அமைதியாகச் சொல்லப்படும் கருத்து எவ்வளவு புண்படுத்துவதாக இருந்தாலும், அதற்காகப் பேசியவரைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். நீதிபதி சாமுவேல் அலிட்டோ மட்டும் மாறுபட்டார். துயரத்தில் இருக்கும் தனிமனிதரைச் சொல்லால் தாக்கும் உரிமையைக் கருத்துச் சுதந்திரம் எவருக்கும் வழங்கவில்லை என்பது அவர் வாதம். மனம் அலிட்டோவின் பக்கம் சாய்வது இயல்பே. ஆனாலும், பெரும்பான்மைத் தீர்ப்பே சரி என்று கருதுகிறேன். எந்தக் கருத்து வரம்பு மீறிப் புண்படுத்துகிறது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஓர் அரசிடம் ஒப்படைத்தால், அதே அளவுகோல் நாளை போரை எதிர்ப்பவர் மீதும் பாயும்.

சட்டமியற்றியவர்களும் சும்மா இருக்கவில்லை. தேசியக் கல்லறைத் தோட்டங்களின் வாயிலிலிருந்து 300 அடிக்குள், சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை ஆர்ப்பாட்டம் கூடாது என்ற சட்டத்தில் 2006 மே மாதம் அதிபர் புஷ் கையொப்பமிட்டார். 2012-இல் ஒபாமா காலத்தில் அந்த நேரம் இரண்டு மணியாக நீட்டிக்கப்பட்டது. பல மாநிலங்களும் தத்தம் சட்டங்களை இயற்றின. ஆனால், மேரிலாண்டில் சபையினர் நின்றது 1,000 அடி தொலைவில். 300 அடித் தடை அன்றே அங்கு இருந்திருந்தாலும் அந்தத் தந்தைக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது.

சட்டத்தால் எட்ட முடியாத அந்த 700 அடியில்தான் மோட்டார் சைக்கிள்காரர்களின் வேலை இருந்தது. அவர்கள் பதாகைகளைப் பறிக்கவில்லை, எதிர்க்கோஷம் எழுப்பவில்லை, வாக்குவாதத்தில் இறங்கவும் இல்லை. ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி, கொடிகளை நெருக்கமாகப் பிடித்து நின்றார்கள். கொடித் துணியே திரையானது. கூச்சல் எழுந்தால் எஞ்சின்களை உறுமவிட்டு அதை மூழ்கடித்தார்கள். ஃபெல்ப்ஸின் உரிமை அப்படியே இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய கண்ணும் காதும் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தினர் அழைத்தால் மட்டுமே செல்வது என்ற விதியும் அவர்களிடம் உண்டு. இந்த விதி இல்லாதிருந்தால், அழையாமல் வந்து நின்ற கூட்டத்துக்கும் இவர்களுக்கும் வேறுபாடு குறைந்திருக்கும்.

இந்த உத்தியை முதலில் கண்டவர்கள் இவர்கள் அல்லர். 1998-இல் வயோமிங் மாநிலத்தின் லாரமி நகரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற தன்பாலின உறவாளரான மாணவர் கொல்லப்பட்டார். அவரது இறுதிச் சடங்கிலும், மறு ஆண்டு கொலையாளிகள் மீதான வழக்கு நடந்த நீதிமன்ற வாசலிலும் இதே சபையினர் வந்து நின்றனர். மாணவரின் நண்பர்கள் வெள்ளைத் துணியையும் பிளாஸ்டிக் குழாய்களையும் கொண்டு பெரிய தேவதைச் சிறகுகள் செய்து அணிந்து, பதாகைகளின் முன்னே வாய் திறவாமல் நின்று மறைத்தார்கள். அந்த இளைஞர்களும் கான்சாஸின் மோட்டார் சைக்கிள்காரர்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் அரசியலில் எதிலும் ஒத்துப்போக வாய்ப்பு குறைவு. ஆயினும், இரு தரப்பும் வந்தடைந்த வழி ஒன்றாகவே இருக்கிறது.

ஃபெல்ப்ஸ் 2014-இல் காலமானார். இன்று கொடி வரிசை நிற்கும் பெரும்பாலான இடங்களில் ஆர்ப்பாட்டக்காரர் எவரும் வருவதில்லை. ஆனாலும், ரைடர்கள் கலைந்துவிடவில்லை. எதிரி இல்லாத காவலுக்கு என்ன தேவை என்று கேட்கலாம். அரசு என்ன தருகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தகுதியுள்ள முன்னாள் படைவீரரின் அடக்கத்துக்குக் குறைந்தது இரண்டு சீருடைப் படையினர் வர வேண்டும். கொடியை மடித்துக் குடும்பத்திடம் தர வேண்டும். 'டாப்ஸ்' என்ற அஞ்சலி இசை ஒலிக்க வேண்டும். அதை வாசிக்கக் கலைஞர்கள் போதாததால், பதிவு செய்யப்பட்ட இசையைத் தரும் சிறு கருவியை ஊதுகுழலுக்குள் பொருத்தும் முறைக்கு 2003-இல் பெண்டகன் அனுமதி தந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, வாசிப்பதுபோல் வாயருகே பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு வீரர்கள், ஒரு கொடி, ஒரு பதிவு இசை. எஞ்சியதை ஊர்தான் தர வேண்டும்.

ரைடர்களில் கணிசமானோர் வியத்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். தங்களை வரவேற்க ஒருவரும் வரவில்லை என்ற ஆறாத வடு அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்டு. தமக்குக் கிடைக்காததை, தம் பிள்ளை வயதுடையவர்களுக்கு அவர்கள் தருகிறார்கள்.

இதில் நெருடலான ஒரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை 1973-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் போரின் சுமை மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினரின் வீடுகளில் மட்டுமே இறங்குகிறது. போர்க்களத்திலிருந்து டோவர் விமானப்படைத் தளத்துக்கு வரும் சவப்பெட்டிகளை ஊடகங்கள் படம்பிடிக்க 1991 முதல் 2009 வரை தடை இருந்தது. இராக் போரின் மிகக் கொடிய ஆண்டுகள் அந்தத் தடைக்குள்ளேயே கழிந்தன. சாவு கண்ணில் படாமல் அரசு பார்த்துக்கொண்ட அதே காலத்தில், சிற்றூர்ச் சாலைகளில் சாவைக் கண்ணில் படச் செய்தவர்கள் இந்த ரைடர்கள். ஆனால், அந்த இளைஞன் ஏன் இராக்குக்கு அனுப்பப்பட்டான் என்ற கேள்விக்குக் கொடி வரிசையில் இடமில்லை. இறுதிச் சடங்கு அதற்கான இடமல்ல என்பது உண்மை. அதைக் கேட்க வேறோர் இடத்தில் இதே அளவு மக்கள் திரண்டார்களா என்பதே என் ஐயம். ஒருபுறம் மரியாதை பெருகப் பெருக, மறுபுறம் விசாரணை குறைந்துபோகும் ஆபத்தை எந்த நாடும் எளிதாகக் கடந்துவிட முடியாது. இந்தக் குறையை ரைடர்கள் மீது சுமத்துவது நியாயமாகாது. அது நாடாளுமன்றத்தின் கடமை.

இப்போது அவர்கள் செய்யும் பணிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அமெரிக்க ஈமச் சடங்கு நிலையங்களின் அலமாரிகளில், எவரும் பெற்றுக்கொள்ளாத சாம்பல் கலசங்கள் ஆண்டுக்கணக்கில், சில இடங்களில் பல பத்தாண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றுள் முன்னாள் படைவீரர்களின் கலசங்களும் உள்ளன. 'மிஸ்ஸிங் இன் அமெரிக்கா புராஜெக்ட்' என்ற தன்னார்வ அமைப்பு, நிலையம் நிலையமாகச் சென்று பதிவேடுகளை ஒப்பிட்டு அவர்களை அடையாளம் காண்கிறது. பின்னர் அந்தக் கலசங்கள் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லப்படும்போது, உடன் வருபவர்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள்தான். அங்கே படம்பிடிக்கத் தொலைக்காட்சி வருவது அரிது. உறவினரும் இல்லை. மடித்த கொடியைப் பெற்றுக்கொள்ள வேண்டிய கைகள் இல்லாத அந்த நேரத்தில், வந்திருப்பவர்களில் ஒருவர் முன்சென்று அதை வாங்கிக்கொள்கிறார்.