அடிக்குறிப்பையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். சட்டக் கல்லூரி முடித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் ஜூனியராகச் சேர்கிறார்கள். பிரிவு எண்களைத் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். "இந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறதா, பார்த்துச் சொல்லுப்பா" என்றால் மட்டும் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் நிற்கிறார்கள். குறை அவர்களுடையதல்ல. அதை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 66ஏ பிரிவின் கதையை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது என்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அறிவித்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாயின. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் நீதிபதிகள் அதிர்ந்து கேட்டபோது, அட்டர்னி ஜெனரல் காரணத்தைச் சொன்னார்: சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில் இருக்கிறது, வழக்குப் பதியும் காவல் அதிகாரி அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. இனி யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்ற உத்தரவு 2022 அக்டோபரில்தான் வந்தது. ஏழரை ஆண்டுகள். காவலருக்குத் தெரியவில்லை, சரி. அந்த வழக்குகளை நடத்தியவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லவா? இதை நினைக்கும்போதெல்லாம் என் தொழிலுக்காக வெட்கப்படுகிறேன்.

இப்போது ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போதுமே என்பார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அப்படித்தான் இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளில் மாதிரி நீதிமன்றப் பயிற்சிக்கு மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்துக்கு 5, வாதத்துக்கு 5. தேடலுக்கு என்று தனியே ஒன்றுமில்லை. மாணவர்கள் சீனியரின் பழைய மெமோவை, அதாவது எழுத்து வாதத்தை, வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

தேடக் கற்றுக்கொடுக்கப் பணம் தடையல்ல. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரி முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசம். இந்தியா கோடு, இந்தியன் கானூன் தளங்களெல்லாம் கைபேசியிலேயே திறக்கும். தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைக்கு நாற்பது பக்க ஆங்கிலத் தீர்ப்பில் எது முடிவு, எது போகிறபோக்கில் சொன்ன கருத்து என்று பிரித்துக் காட்ட ஆள் இல்லை என்பதுதான் தடை. கைடு வாங்கிப் படிப்பதை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு வழி என்ன?

என் கோரிக்கை சின்னது. முதலாண்டிலிருந்தே வாரம் ஒரு வகுப்பை நூலகத்தில் நடத்தச் சொல்லுங்கள். ஒரு கேள்வி கொடுத்து, எங்கே தேடினேன், என்ன கிடைத்தது, பின்னால் வந்த எந்தத் தீர்ப்பாவது இதை மாற்றியதா என்று மாணவரே ஒரு பக்கம் எழுதித் தரட்டும். அந்தப் பக்கம் இல்லாத மெமோவுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஆசிரியர் போதவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு நீதிமன்றம் இல்லை, சம்பளம் வாங்காமல் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்