பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்

"டி.வி., ஆம்ப்ளிஃபயர், ஊஃபர், செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் பெட்டி... ஐந்து பிளக் ஆச்சு. ஹால் சுவரில் இருப்பதோ ஒரே பாயிண்ட். என்ன மாதிரி ஜங்ஷன் பாக்ஸ் வாங்கட்டும்? பத்து மாதக் குழந்தை வேறு தவழ்கிறது" என்று ஓர் இளம் வாசகி கேட்டிருக்கிறார்.

"பாட்டு சமாசாரமெல்லாம் அவர் பாடு" என்று ஒதுங்கிவிடாதீர்கள். பெட்டியை வாங்கி வைப்பது அவர்கள். அதன் பின்னாலே கைவிட்டுப் பெருக்கித் துடைப்பது நாம்தானே!

முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம். சுவரில் சாதாரணமாக இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். நம் மின்சாரம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். ஜங்ஷன் பாக்ஸில் எட்டு ஓட்டை இருந்தாலும் சரி, மொத்தமாகத் தாங்குவது அவ்வளவுதான். டி.வி. 100, ஆம்ப்ளிஃபயர் 300, ஊஃபர் 150, மற்ற இரண்டும் சேர்ந்து 35 என்று வைத்துக்கொண்டால் 585 வாட். தாராளம். ஆனால் ஒரு ஓட்டை காலியாக இருக்கிறதே என்று 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் 1585 ஆகிவிடும். ஒயர் சுடும், பிளாஸ்டிக் இளகும். பாட்டுக்கு வாங்கியது பாட்டுக்கு மட்டும்தான். ஒரு ஜங்ஷன் பாக்ஸில் இன்னொன்றைக் கோத்துவிடுவதும் கூடவே கூடாது. நவராத்திரி கொலுவுக்கு சீரியல் விளக்கு போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

கடைக்குப் போனால் மேல் அட்டையைப் பார்க்காதீர்கள், ஒயரைப் பாருங்கள். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் பிளக் மூன்று முள்ளாக இருக்கும், உள்ளே ஓடுவது இரண்டே கம்பி. எர்த் கம்பியே கிடையாது! ஒயர் மேல் '3 கோர்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். கனம் 0.75 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், செம்புக் கம்பியாக இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அவசியம். பிளக், சாக்கெட்டுக்கான தர எண் ஐ.எஸ். 1293. எல்லா நாட்டு பிளக்கும் நுழைகிற மாதிரி அகல வாய் வைத்த சாக்கெட் எனக்குப் பிடிப்பதில்லை. நம்மூர் முள் அதில் தொளதொளவென்று ஆடும். ஆடுகிற இடத்தில்தான் பொறி பறக்கும்.

குழந்தை இருக்கிற வீட்டில் ஷட்டர் வைத்த சாக்கெட்தான் வாங்கணும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மற்றதைவிட நீளம், பார்த்திருப்பீர்கள். அது முதலில் போய் மூடியைத் தள்ளினால்தான் கீழே இரண்டு ஓட்டையும் திறக்கும். ஹேர்பின்னை ஒரு ஓட்டையில் விட்டால் திறக்காது. ஆனாலும் பெட்டியைத் தரையில் போடாதீர்கள். எச்சில் கையும் ஈரத் துணியும் அதற்கு ஆகாது. பின்புறம் ஆணி மாட்ட ஓட்டை வைத்ததாக வாங்கி, டி.வி.க்குப் பின்னால் சுவரில் உயரமாக மாட்டுங்கள். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டினால் சூடு வெளியேறாது. தேவையான நீளத்துக்கே வாங்குவது மேல்.

அடுத்தது 'ஸ்பைக் பஸ்டர்'. சில கடைக்காரர்கள் இதை ஸ்டெபிலைசர் மாதிரியே பேசி விற்பார்கள், ஏமாறாதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் இது தூக்கிக் கொடுக்காது. ஃப்ரிட்ஜ் நிற்கும்போதும், போன கரண்ட் திரும்பும்போதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் வோல்டேஜ் குபீரென்று எகிறும் அல்லவா, அதை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வில்லை. எவ்வளவு தாங்கும் என்பது ஜூல் கணக்கில் அட்டையில் இருக்கும், அதிகமானால் நல்லது. அடி வாங்கி வாங்கி அந்த வில்லை தேய்ந்துபோகும். அப்புறமும் பல பெட்டிகளில் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கும், பாதுகாப்புதான் இராது. அதைக் காட்டத் தனி விளக்கு வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். விளக்கு அணைந்தால் பெட்டியை மாற்றிவிடணும். இடி மின்னலுக்கு இதையெல்லாம் நம்ப வேண்டாம். ஐப்பசி மழையில் வானம் உறுமும் முன்பே பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்கிவிடுங்கள்.

"விலை உயர்ந்த பெட்டி போட்டால் பாட்டே தனி சுகம்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆம்ப்ளிஃபயர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே மாற்றிச் சீராக்கிக்கொள்கிறது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம் கேட்டால் அதன் காரணம் பெரும்பாலும் வேறு. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரிலும் டி.வி. இன்னொரு சுவரிலும் சொருகியிருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே பாட்டு ஒயர் வழியாகவே கொஞ்சம் மின்சாரம் சுற்றும். எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகினால் பல வீடுகளில் இது அடங்கிவிடும். அடங்காவிட்டால் கேபிள் ஒயரை ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது வருகிற வழி தெரிந்துவிட்டது. ஃபேன் வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் கரகரத்தால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம்.

சில பேர் யோசனை சொல்வார்கள்: "எர்த் முள்ளை வெட்டிடுங்க மேடம், சத்தம் நின்னுடும்." நிற்கும்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் என்றாவது கரண்ட் கசிந்தால் அது பூமிக்குப் போக வழி இருக்காது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிற குழந்தையின் உடம்பு வழியாகத்தான் போகும். யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பழைய வீடானால் சுவர் பாயிண்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் அவரையே கேளுங்கள். கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் முன் வெட்டிவிடும் ஸ்விட்ச் அது. அதிலே 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒரு தடவை அழுத்துங்கள், டக்கென்று விழணும். விழவில்லையா, அன்றைக்கே எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.