குருதியின் சாட்சி

"வயதாகிவிட்டது, சர்க்கரை வரத்தானே செய்யும்? எல்லாம் தலையெழுத்து!"

என் மாணவன் ஒருவனுடைய பாட்டனாரின் காலில் ஆறாத புண். மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளச் சென்ற எனக்கு, அவ்வீட்டார் அளித்த மறுமொழி இது. மணிக்கட்டிலே மந்திரித்த கயிறு! தலைமாட்டிலே திருநீற்றுப் பொட்டலம்! குருதியைச் சோதிக்கச் சொல்லி மருத்துவர் எழுதிய சீட்டோ, மடித்தது மடித்தபடி மாடத்திலே!

தோழர்களே! தலையெழுத்தைப் படித்தவர் எவருமிலர். ஆனால், படித்தறியக்கூடிய எழுத்தொன்று குருதியிலே இருக்கிறது.

செங்குருதி அணுவைக் காணுங்கள். முதிர்ந்த அவ்வணுவுக்கு உட்கரு இல்லை. ஆற்றல் உலையாகிய மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. உடலெங்கும் உயிர்வளி சுமக்கும் அந்தப் பாட்டாளி, சுமப்பதில் ஒரு துளியும் தன் ஆற்றலுக்கென எடுப்பதில்லை! குளுக்கோசைப் பிளந்து பெறும் சிற்றாற்றலே அதன் கூலி. அக்குளுக்கோசு உள்ளே நுழைய இன்சுலினின் அனுமதி தேவையில்லை. ஆகவே, குருதியில் சர்க்கரை மிகுந்தால் அணுவுக்குள்ளும் மிகும், ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், அணு மடியும்வரை, ஏறத்தாழ 120 நாட்கள், அகலாது. இரண்டு மூன்று மாதக் கணக்கு அதிலே பதிந்துவிடுகிறது. சர்க்கரை ஒட்டிய ஈமோகுளோபின் நூற்றுக்கு 6.5 பங்கை எட்டினால் நீரிழிவு என்கிறது மருத்துவம். பூசையால் அழியாத சாட்சி. காணிக்கையால் மாறாத சாட்சி!

"முதுமையில் தளர்ச்சி வாராதோ?" எனக் கேட்பர். வரும், மறுக்கவில்லை. சர்க்கரையைப் பெரிதும் ஏற்கும் தசை குறைகிறது, வயிற்றிலே கொழுப்பு சேர்கிறது, இன்சுலினின் ஆணை முன்போல் செல்வதில்லை, கணையமும் களைக்கிறது. மிகுந்த சர்க்கரை நரம்பையும் குருதிக்குழாயையும் கெடுக்கிறது; புண் ஆறாமல் போகிறது. ஆனால், இவையெல்லாம் காரணங்கள்! காரணம் தெரிந்தால் மாற்றும் தேடலாம். முற்பிறவி வினை என்றாலோ, மூலையில் முடங்குவதன்றி வழியேது?

அமெரிக்காவில், நீரிழிவை நெருங்கி நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி, 2002-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். அளவறிந்த உணவும், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும், எடைக் குறைப்பும், நோய் தோன்றுவதை நூற்றுக்கு 58 அளவு குறைத்தன. அறுபது வயதைத் தொட்டவர்களிடமும் கடந்தவர்களிடமுமோ, 71! கிழவருக்கு இனி என்ன பயன் என்போரே, கிழவரன்றோ முந்தி நிற்கின்றனர்!

1921-இல் டொராண்டோ நகரில் இன்சுலினைக் கண்டவர்கள், விதியென்று கை கட்டி நின்றிருந்தால், 1922-இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அம்மருந்தால் பிழைத்திருப்பானா?

இளைஞர்களே! பாட்டனாரின் காலில் விழுவதா மரியாதை? அந்தக் காலைக் காப்பதே மரியாதை! மாடத்திலே மடங்கிக் கிடக்கும் சீட்டை இன்றே எடுங்கள். கைப்பிடித்து அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கால் போனபின், கயிறா நடத்திச் செல்லும்?