குழாயைச் சுத்தம் செய்து எத்தனை நாளாச்சு?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் காஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்புதான். வேலிகாத்தான் விறகு சும்மா கிடைக்கும்போது சிலிண்டரை யார் தொடுவார்கள்?

1983-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டினார்கள். பல வீடுகளில் அது மறுபடி புகை அடுப்பாகிவிட்டது. பழி அடுப்புக்கு, குற்றம் குழாயினுடையது. கரி படிந்து துளை சுருங்கினால் புகை வீட்டுக்குள்தானே திரும்பும்? மாதம் ஒருமுறை, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, நீளக் கழியில் தேங்காய் நார் கட்டிக் குழாயைத் தேய்த்துவிடுங்கள். ஈர விறகு எரித்தால் பிசுபிசுவென்று கரி ஒட்டும். அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும்.

குழாய் கூரைக்கு மேல் இரண்டடியாவது நிற்கட்டும். ஓலைக்கூரை என்றால் குழாயே வேண்டாம், அடுப்பைக் கூரையை விட்டுத் தள்ளி வெளியே போடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை தணல்தான். மார்கழிக் குளிருக்குப் பிள்ளை பெற்றவள் அறையில் தணல் சட்டியை வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘புகையே இல்லையே’ என்பார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, மயக்கம், தூங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியாமல் உயிர் போய்விடும். சாம்பிராணி போட்டாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், தூபக்கால் உடனே வெளியே போகட்டும். குளிருக்குத் தாய்க்கும் பிள்ளைக்கும் கம்பளி போதும்.