எட்டு போடத் தெரியும், கோட்டுல நிக்கத் தெரியுமா?

எல்எல்ஆருக்காக சிம்பல் எல்லாம் மனப்பாடம் பண்றோம். லைசென்சுக்குக் கால் ஊன்றாமல் எட்டு போடுறோம். ஆனா ரோட்டில் போட்டிருக்கிற கோடு என்ன சொல்லுதுன்னு பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல. எனக்கு இது பெரிய ஓட்டையாத் தெரியுது.

சிக்னலில் ஜீப்ரா கிராசிங்குக்கு முன்னாடி தடிமனா ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அதுதான் ஸ்டாப் லைன். வண்டியோட எந்தப் பகுதியும் அதைத் தாண்டக் கூடாது. நீங்க ரெண்டடி தள்ளி நின்னா, பக்கத்து பைக் இன்னும் ஒரு அடி முன்னால் போகும். கடைசியில் பையைத் தூக்கிக்கிட்டு வர்ற பாட்டி, நம்ம வண்டிகளைச் சுத்தி, ஓடுற டிராஃபிக் பக்கமா இறங்கி நடக்கணும். லாரி ஏறி நின்னா இன்னும் மோசம். முன்னாடி ஒட்டி நடக்கிறவங்க டிரைவர் கண்ணுக்கே தெரிய மாட்டாங்க.

ஜங்ஷன் நடுவுல மஞ்சள் கோடுகள் குறுக்கும் நெடுக்குமா இருந்தா, பச்சை விழுந்தாலும் அந்தப் பக்கம் இடம் இல்லாம உள்ளே போகாதீங்க. (பின்னாடி ஹார்ன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.)

பார்க்கிங்கும் அப்படித்தான். விடாமல் போகிற வெள்ளைக் கோடு இருக்கிற இடத்தில் பார்க் பண்ணக் கூடாதுன்னு 1989 சாலை விதிகளிலேயே எழுதிட்டாங்க. நீல வட்டப் பலகையில் ஒரே ஒரு சிவப்புக் கோடுன்னா ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். பெருக்கல் குறின்னா நிக்கவே கூடாது. "ரெண்டே நிமிஷம் சார்" அங்கே செல்லாது.

"கோடே அழிஞ்சு கிடக்கே ப்ரோ"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். அங்கே ஜீப்ராவுக்கு முன்னாடி நிறுத்துங்க. அதுவும் இல்லைன்னா, குறுக்கு ரோடு தொடங்குறதுக்கு முன்னாடி.