செம்பருத்திக்கு ஊற்றும் தண்ணீரை மாமரத்துக்கு ஊற்றாதீர்கள்!

மாம்பழத்தை வீதியில் இறைத்துத் திருவிழா கொண்டாடும் ஊர் காரைக்கால். ஆனி பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாம்பழங்கள் பறக்கும். கீழே நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்துப் பிடிப்பார்கள். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டு, அதற்கு ஈடாக இன்னொன்றை இறைவனிடம் வேண்டிப் பெற்ற புனிதவதியின் கதைதான் இதற்கெல்லாம் அடிப்படை.

சரி, அன்றைக்குக் கடைத்தெருவில் மலையாகக் குவியும் பழம் எங்கே விளைந்தது? வெளியூரில்! லாரியில் வந்து இறங்குகிறது. ஊருக்குள் மாமரமே இல்லையா என்றால், இருக்கிறது. கொல்லையில் தழைத்துக் கொழுத்து, காய்க்காமல் நிற்கிறது.

"எட்டு வருஷமாச்சு, ஒரு பிஞ்சைக் கூட காணோம். மலட்டு மரம்!" என்று தீர்ப்பு வந்துவிடும். சிலர் ஆணி அடித்துப் பார்ப்பார்கள். சிலர் ராசியில்லை என்பார்கள். கடைசியில் கோடாலி. இதில் கொடுமை என்னவென்றால், பல நேரங்களில் அந்த மரத்தைக் காய்க்கவிடாமல் செய்தது மரத்தின் விதியல்ல, வீட்டுக்காரரின் பாசம்தான். பக்கத்தில் நிற்கும் செம்பருத்திக்குக் காட்டுகிற அதே பாசம். அதே குழாய், அதே நேரம், அதே அளவு.

செம்பருத்தி கேட்பது என்ன?

செம்பருத்தி தினக்கூலி மாதிரி. ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே நாள். அதனால் அது நாள்தோறும் மொட்டு வைக்க வேண்டும். மொட்டு வருவது புதிதாக வளரும் கிளையில், இலைக்காம்பின் கக்கத்தில். ஆக, புதுத்துளிர் வந்துகொண்டே இருந்தால்தான் பூவும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு விட்டுவிடாத ஈரம், அவ்வப்போது கொஞ்சம் உரம், நல்ல வெயில், அடிக்கடி கத்திரி. தண்ணீர் விட்டுப்போனால் மொட்டு உதிரும். வேரில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இவ்வளவுதான். வெட்ட வெட்டக் கிளைக்கும், கிளைக்கக் கிளைக்கப் பூக்கும்.

மாமரம் கேட்பது என்ன?

மாமரம் நேர் எதிர். அது பூப்பது முற்றிய கிளையின் நுனியில். கோடை அறுவடை முடிந்ததும் ஒரு துளிர் வரும். அந்தத் துளிர் மாதக்கணக்கில் முதிர்ந்து, கரும்பச்சையாகி, சும்மா இருக்க வேண்டும். ஆமாம், சும்மா! இரண்டு மூன்று மாதம் வறட்சியும், மார்கழி தைக் குளிரும் சேர்ந்தால் அந்த நுனியில் பூங்கொத்து வெடிக்கும்.

அந்த ஓய்வு நேரத்தில் போய்த் தினமும் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு கை யூரியாவும் போட்டால் என்ன ஆகும்? மரம் பூக்க மறந்து மறுபடி இலை விடும். செம்பு நிறத்தில் இளந்துளிர் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், "பாருங்க, எப்படித் தழையுது!" என்று. அந்தத் தழைதான் அந்த வருஷத்து மாங்காயைத் தின்றுவிட்டது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

கத்திரியும் அப்படித்தான். செம்பருத்தியை எப்போது வெட்டினாலும் சில வாரத்தில் ஈடுகட்டிவிடும். மாமரத்தைக் கவாத்து செய்ய நேரம் அறுவடை முடிந்த உடனே. மழைக்காற்றில் கம்பியில் படுகிறது என்று கார்த்திகையில் நுனிகளைக் கழித்தால், தையில் வரவேண்டிய பூவைக் கார்த்திகையிலேயே குப்பையில் போட்டாகிவிட்டது.

"மழை பெய்கிறதே, அதை யார் நிறுத்துவது?"

நியாயமான கேள்வி. காரைக்கால் காவிரி கடலில் கலக்கும் டெல்டாவின் ஓரம். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். மாமரம் ஓய்வெடுக்க வேண்டிய மாதங்களில் பாதி மழையிலேயே போய்விடுகிறது. களிமண்ணில் தண்ணீர் நிற்கும், கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு வேறு. சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் மா செழிப்பதற்கும் டெல்டாவில் நெல் செழிப்பதற்கும் இதெல்லாம் காரணம்.

ஆனால் இதை வைத்து "அப்படியானால் இங்கே மா வராது" என்பது சோம்பேறித்தனம். மழை பாதி ஓய்வைத் தின்றுவிட்டது என்றால், மீதி ஓய்வைக் குழாய் தின்னக் கூடாது. வாதம் அவ்வளவுதான். மண்ணை மேடாக அணைத்து மேட்டில் நட வேண்டும். மழைத் தண்ணீர் வடிய வாய்க்கால் வேண்டும். வளர்ந்த மரத்துக்கு உரத்தை அறுவடைக்குப் பிறகு போட்டு முடித்துவிட வேண்டும். ஐப்பசி தொடங்கிப் பூ வந்து பிஞ்சு பிடிக்கிறவரை குழாயை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு தண்ணீர் கொடுங்கள், தாராளமாக.

"தோப்புக்காரர்கள் தண்ணீர் பாய்ச்சுகிறார்களே?" என்பார்கள் சிலர். பாய்ச்சுகிறார்கள், எப்போது என்பதுதான் விஷயம். நட்ட முதல் சில வருஷம் கன்றுக்கு ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும். காய் திரளும்போது வேண்டும். பூப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். கொல்லைக்காரர்கள் கன்றுக்குப் பழகிய பழக்கத்தைப் பத்து வயது மரத்திடமும் தொடர்கிறார்கள்.

இடமும் கன்றும்

செம்பருத்திக்கு ஆறடி இடம் போதும், தொட்டியிலும் வாழும். மாவுக்கு வழக்கமான இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஒரு மரத்துக்கு 1,000 சதுர அடிக்கு மேல். வருஷாவருஷம் கவாத்து செய்து அடக்கி வளர்த்தாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும். சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவே நாலடி சந்தில் நட்டுவிட்டு மரத்தைத் திட்டுவது அநியாயம். அதன் நிழலிலேயே செம்பருத்தியை வைப்பது இரட்டை அநியாயம். செடிக்கு வெயில் இல்லை, மரத்துக்கு ஓய்வு இல்லை.

செம்பருத்தியை ஒரு குச்சி ஒடித்து நட்டால் அதே பூ வரும். தின்று போட்ட மாங்கொட்டையில் அதே மாம்பழம் வராது. இந்திய ரகங்களில் பெரும்பாலானவை விதையில் தாயைப் போல் வருவதில்லை. அதனால்தான் ஒட்டுக்கன்று. ஒட்டு மூன்று நாலு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும், கொட்டைக்கன்று அதைப்போல் இரண்டு மடங்கு காக்க வைக்கும். ரகத்தில் நீலம் கவனிக்க வேண்டியது. மற்ற பல ரகங்கள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கும், நீலம் ஏறக்குறைய வருஷந்தோறும் காய்க்கும். பருவத்தின் கடைசியில், ஆனி ஆடியில் பழுக்கும். மாங்கனித் திருவிழா ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எது?

யாரைக் கேட்பது?

விழா மேடைகளில் மரக்கன்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாக் கன்றுக்கும் ஒரே அறிவுரைதான்: "தினமும் தண்ணீர் ஊத்துங்க". பூச்செடிக்கும் பழமரத்துக்கும் ஒரே வாக்கியம்! காரைக்காலில் 1987 முதல் ஒரு வேளாண் கல்லூரி இருக்கிறது. மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்தச் சின்ன ஊருக்கு அந்த அறிவு எட்டாத தூரத்தில் இல்லை. மாங்கனித் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்திடம் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுத்தால் போதும். என்ன ரகம், எங்கே நடுவது, எந்த மாதம் தண்ணீரை நிறுத்துவது, அவ்வளவே.

புனிதவதிக்கு இரண்டாவது மாங்கனி கேட்டவுடன் கிடைத்தது. மற்றவர்களுக்கு அது வேர் வழியாகத்தான் வர வேண்டும். கோடாலியை எடுக்கும் முன் ஒரே ஒரு வருஷம் குழாயை மூடிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் காய்க்கவில்லை என்றால் மரத்தின் மேல் குற்றம் சொல்லலாம்.