தூரத்துக் காவல்

யுத்தகளத்தில் உயிர் தப்பிய வீரர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தொற்றுக்குப் பலியாவது எவ்வளவு பரிதாபம்! செப்ஸிஸ் அத்தகைய வியாதி. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய தேக சக்தியே நிலைதவறித் தன் அவயவங்களைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. இரத்த அழுத்தம் விழுந்த பின், தக்க மருந்து ஏற்றத் தாமதித்த ஒவ்வொரு மணிக்கும், முதல் 6 மணி வரையில், பிழைப்போர் தொகை சராசரி 7.6 சதவீதம் குறைந்ததென்று 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று.

அமெரிக்க சர்க்கார் தன் முன்னாள் படைவீரர்களுக்காக நடத்தும் ஆஸ்பத்திரிகளில் இந்தத் தாமதத்தைக் குறைக்க ஓர் ஏற்பாடு உண்டு. சிற்றூர்களில் இரவு வேளையில் தீவிர சிகிச்சை நிபுணர் கிடைப்பது அரிதல்லவா? ஆகவே மின்னியாபொலிஸ், சின்சினாட்டி போன்ற நகரங்களில் அமர்ந்துள்ள வைத்தியர்களும் தாதிகளும், நெடுந்தூரத்திலுள்ள நோயாளியின் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் திரையில் கவனித்து வருகிறார்கள். ஐயம் தோன்றினால் காமிரா வழியே கட்டிலருகே எட்டிப் பார்த்து, இரத்தப் பரிசோதனை ஆயிற்றா, மருந்து ஏறிற்றா என்று விசாரிக்கிறார்கள்.

நாம் இதை மெச்சுகிறோம். ஆனால் திரை ஊசி போடாது. மருந்தைக் கலந்து ஏற்றுவது கட்டிலருகே நிற்கும் தாதியின் கை. எட்ட இருந்து பார்க்கும் கண் கிடைத்துவிட்டதென்று அந்தக் கைகளைக் குறைக்க எந்தக் கணக்கப்பிள்ளையாவது துணிந்தால், மிச்சம் பிடித்த மணி மறுபடி வீணாகும்.